நிகழ்வு ஆய்வு: சீழ் என்று குழாய் போட்ட நெஞ்சில் புற்றுக்கட்டி

ஆண் குழந்தை, வயது 2 வருடம் 10 மாதம். குடும்பம் வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். தாய் கொழுந்து பறிப்பவர், தந்தை தோட்டத்து லாரி ஓட்டுநர். உறவெல்லாம் கம்பம், உத்தமபாளையம் பக்கம். மூன்று வாரக் காய்ச்சல், ஒரு வார மூச்சிரைப்பு. வலது மார்பில் ஏற்கெனவே செருகிய குழாயோடு குமுளி மலைப்பாதை வழியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

இது ஒரே குழந்தையின் கோப்பு அல்ல. இந்த நோயில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களைக் கோத்து, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு. நோய் பற்றிய தகவலும் மருந்தளவும் நடைமுறையில் உள்ளவை.

வருமுன் நடந்தவை

முதலில் வாய்வழி அமாக்சிசிலின்-கிளாவுலனேட், பிறகு ஊசியில் செஃப்ட்ரையாக்சோன் 10 நாள். காய்ச்சல் விடவில்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் முழுக்க வெளுத்திருந்தது. நெஞ்சில் சீழ் கோத்திருக்கிறது என்று ஐந்தாம் விலா இடைவெளியில் குழாய் போட்டார்கள். வந்தது 35 மி.லி. ரத்தம் கலந்த திரவம். குழாய் அடைத்துக்கொண்டது என்று சலைன் விட்டு அலசினார்கள். மேலும் எதுவும் வரவில்லை. கல்ச்சரில் கிருமி வளரவில்லை, காசநோய்க்கான சிபிநாட் சோதனையும் நெகட்டிவ். ஆனாலும் காசநோய் மருந்து தொடங்கப்பட்டது.

நம் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பாதி நெஞ்சு வெளுத்திருந்தால் சீழையும் காசநோயையும் முதலில் நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும். பிசகு நேர்ந்தது ஓரிடத்தில்தான்: குழாய் போடுமுன் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கவில்லை. ஐந்து நிமிட வேலை அது. திரவமாக இருந்தால் மூச்சோடு சேர்ந்து அசையும், உள்ளே இழைகள் மிதக்கும், கலர் டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரியாது. கட்டியாக இருந்தால் திடமான பகுதிக்குள் ரத்தக்குழாய்கள் தெரியும். இந்தக் குழந்தைக்குப் பிறகு செய்த அல்ட்ராசவுண்டில் குழாயின் நுனி திடப்பொருளுக்குள் புதைந்திருந்தது.

ஸ்கேன் இல்லாத இடத்திலும் ஒரு கணக்கு கைகொடுக்கும். இதயத்தையும் மூச்சுக்குழலையும் எதிர்ப்பக்கம் தள்ளுமளவுக்குத் திரவம் இருந்தால், குழாய் போட்டதும் சில நூறு மி.லி. இறங்கியாக வேண்டும். 35 மி.லி. வந்து நின்றுவிட்டால் குழாயைக் குறை சொல்லும் முன், உள்ளே இருப்பது திரவமே இல்லையோ என்று கேட்க வேண்டும். கட்டிக்குள் குழாய் போவது சிறு தவறு அல்ல. ரத்தம் கசியும், கட்டியின் செல்கள் நெஞ்சறையிலும் குழாய் போன பாதையிலும் சிதறும், பின்னால் அறுவையில் அந்தப் பாதையையே வெட்டி எடுக்க நேரும்.

வந்தபோது

எடை 11.2 கிலோ, உயரம் 90 செ.மீ. மூச்சு நிமிடத்துக்கு 52, நாடி 148, ஆக்சிஜன் 91 சதம், காய்ச்சல் 101 டிகிரி. மூச்சுக்குழல் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. வலது நெஞ்சைத் தட்டினால் கட்டையைத் தட்டிய ஒலி. ஹீமோகுளோபின் 8.6, வெள்ளையணு 14,200, தட்டணு 5.4 லட்சம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 48, செல் சிதைவைக் காட்டும் எல்.டி.எச். 1,150. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. இரண்டும் வயதுக்கு உரிய அளவில் இருந்ததால் ஜெர்ம் செல் கட்டி பின்னுக்குப் போனது. சிறுநீரில் வி.எம்.ஏ. சரியாக இருந்ததால் நியூரோபிளாஸ்டோமாவும் அப்படியே.

கோப்பைப் புரட்டும்போது பக்கத்தில் நின்ற அம்மாச்சி சொன்னார்: "இவனுக்கு ஒம்பது மாசத்துலயே நெஞ்சுப் படம் எடுத்தோம் சார். மஞ்சக் கவர்ல போட்டு டிரங்குப் பெட்டில வச்சிருக்கேன்." மறுநாள் தாய்மாமன் கொண்டுவந்தார். ஓரம் சுருண்ட, ஈரம் பட்டு மூலையில் கறை ஏறிய ஃபிலிம். வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் வலது கீழ்ப்புறத்தில் சுமார் 4 செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் முடி மாதிரி மெல்லிய இரண்டு தடுப்புகள். காற்று நிறைந்த சிஸ்ட், அதாவது பை போன்ற கொப்புளம். கூட இருந்த சீட்டில், பிறவியில் வந்தது, தொந்தரவு தந்தால் பார்க்கலாம் என்ற பொருளில் ஒரு வரி. சளி குணமானதும் சீட்டு மறந்துபோயிற்று.

மூன்று வார மருத்துவத்தைவிட அந்த ஒரு ஃபிலிம் அதிகம் சொன்னது. ஒன்பது மாதத்தில் காற்றுச் சிஸ்ட், மூன்று வயதை நெருங்கும்போது அதே இடத்தில் திடக்கட்டி. இந்த வரிசை புளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்ற நோயின் முத்திரை. சுருக்கமாகப் பி.பி.பி.

பி.பி.பி. எப்படிப்பட்ட நோய்

குழந்தைகளின் நுரையீரலில் தெரியும் கட்டிகளில் பெரும்பாலானவை வேறெங்கோ தொடங்கிப் பரவி வந்தவை: சிறுநீரக வில்ம்ஸ் கட்டி, எலும்பு ஆஸ்டியோசார்கோமா போன்றவை. நுரையீரலிலேயே தோன்றுபவை மிக அரிது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கார்சினாய்ட், மியூக்கோஎபிடர்மாய்ட் கட்டிகள் மூச்சுக்கிளைக்குள் முளைக்கும். ஒரே மடலில் திரும்பத் திரும்ப நிமோனியா, இன்ஹேலருக்கு அடங்காத ஒருபக்க வீசிங் என்றால் அவற்றை நினைத்து பிராங்கோஸ்கோப்பி செய்ய வேண்டும். அது தனிக்கதை. ஆறு வயதுக்குக் கீழே என்றால் நினைக்க வேண்டியது பி.பி.பி.

இதைத் தனி நோயாக 1988-ல் மானிவெல் குழுவினர் விவரித்தார்கள். மூன்று வகை. முதல் வகை வெறும் சிஸ்ட். கண்டுபிடிக்கும் வயது சராசரியாக 8 மாதத்தையொட்டி. இரண்டாம் வகை சிஸ்டும் திடமும் கலந்தது, 35 மாதத்தையொட்டி. மூன்றாம் வகை முழுத் திடம், 41 மாதத்தையொட்டி. இவை மூன்று தனி நோய்கள் அல்ல, ஒரே நோயின் மூன்று வயதுகள். முதல் வகை எல்லாம் முற்றுவதில்லை. சில தானே அடங்கிப்போகும். எது அடங்கும், எது முற்றும் என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2015-ல் வெளியான, இந்த நோய்க்கான சர்வதேசப் பதிவகக் கணக்கில் ஐந்தாண்டு உயிர்பிழைப்பு முதல் வகைக்கு 91 சதம், இரண்டாம் வகைக்கு 71, மூன்றாம் வகைக்கு 53. சிஸ்டாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று அடித்துச் சொல்வது இந்த இடைவெளியால்தான்.

பிறவிச் சிஸ்டையும் முதல் வகையையும் பிரித்தறியச் சில குறிப்புகள் உண்டு. கர்ப்பகால ஸ்கேனிலேயே தெரிந்தது, பெருந்தமனியிலிருந்து தனி ரத்தக்குழாய் வருவது ஆகியவை பிறவிக் கோளாறின் பக்கம் சாயும். கைக்குழந்தைக்குத் தானாக நெஞ்சில் காற்றுக் கசிவது, சிஸ்டுகள் பல பகுதிகளிலோ இரு நுரையீரலிலோ இருப்பது, குடும்பத்தில் சில குறிப்பிட்ட கட்டிகள் இருப்பது ஆகியவை பி.பி.பி.யின் பக்கம்.

சி.டி.யும் பயாப்ஸியும்

கான்ட்ராஸ்ட் கிலோவுக்கு 2 மி.லி. கணக்கில் 22 மி.லி., 1 மி.மீ. தடிமன் வெட்டுகள். கட்டி 11.5 × 9.8 × 9 செ.மீ., கொள்ளளவு சுமார் 530 மி.லி. உள்ளே திடப்பகுதி, ரத்தக் கசிவு, கீழ் ஓரத்தில் காற்றுச் சிஸ்டின் மிச்சம். விலா எலும்பு அரிக்கப்படவில்லை. ஈவிங் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் அரித்திருக்கும். சுண்ணாம்புப் படிவும் இல்லை. மூளை எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன் இரண்டும் சுத்தம்.

இத்தனை பெரிய கட்டியை எடுத்த எடுப்பில் அறுப்பது ஆபத்து. பி.பி.பி. பழுத்த பழம்போலக் கையில் உடையும். உடைந்தால் நெஞ்சறை முழுக்கச் சிதறும். அதனால் முதலில் பயாப்ஸி, பிறகு கீமோ, பிறகு அறுவை. பயாப்ஸியில் பயப்பட வேண்டியது மயக்க மருந்துக்கு. மல்லாக்கப் படுக்கவைத்துத் தசைத்தளர்வு மருந்து கொடுத்தால் கட்டியின் பாரம் மூச்சுக்குழலிலும் பெருஞ்சிரைகளிலும் இறங்கிவிடும். பிறகு குழாய் போட்டாலும் காற்று ஏறாமல் போகலாம். அரை உட்கார்ந்த நிலையில், தானே மூச்சுவிட விட்டு, கீட்டமினும் தோலில் மரப்பு ஊசியும் கொடுத்து, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி 16 கேஜ் கோர் ஊசியால் ஒரே துளை வழியாக 7 துண்டுகள். துளையின் இடத்தை அறுவை மருத்துவரே குறித்தார். பின்னால் வெட்டப்போகும் கோட்டில் அது அமைய வேண்டும்.

துண்டுகளில் 5 பத்து சத ஃபார்மலினில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவில். 2 உறையவைத்து மரபணு ஆய்வுக்கு. பாட்டிலை நிரப்பித் திணிப்பதும், சலைனில் போட்டு மலைப்பாதையில் மணிக்கணக்கில் அனுப்புவதும் திசுவைக் கெடுத்துவிடும். நெஞ்சிலிருந்து எடுக்கும் திரவத்தைக் கல்ச்சருக்கு மட்டும் அனுப்பாமல், ஒரு பங்கைச் செல் பிளாக்குக்கும் (செல்களைத் திரட்டி மெழுகில் பதித்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் சில சமயம் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

நோயியல் அறிக்கை: முதிராத பிளாஸ்டீமா செல்கள், தசைபோல் மாறிய பகுதி, குருத்தெலும்புத் தீவுகள், ஆங்காங்கே அனாபிளேசியா (தாறுமாறான உருவச் செல்கள்). தசைச் செல்லின் அடையாளங்களான டெஸ்மின், மயோஜெனின் சில இடங்களில் பாசிட்டிவ். கட்டிச் செல்களில் கெரட்டின் நெகட்டிவ். சிஸ்ட் மிச்சத்தோடு சேர்த்து, இரண்டாம் வகைப் பி.பி.பி. சிறு துண்டில் தசைப்பகுதி மட்டும் மாட்டினால் ராப்டோமயோசார்கோமா (தசைப் புற்று) என்று அறிக்கை வந்துவிடும். கீமோ ஏறக்குறைய ஒன்றுதானே என்று அதோடு நிறுத்தினால் இழப்பது பெரிது: குடும்பத்தைச் சோதிக்கும் வாய்ப்பே போய்விடும். நுரையீரல் ராப்டோ என்று சின்னப் பிள்ளைக்கு அறிக்கை வந்தால் பி.பி.பி. இல்லை என்று உறுதிசெய்யும்வரை விடக்கூடாது. மறுகருத்துக்கு அனுப்பும்போது கறையேற்றிய ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் அனுப்ப வேண்டும்.

தாயின் கழுத்துத் தழும்பு

பி.பி.பி. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு டைசர்-1 மரபணுவில் பிறவி மாற்றம் உண்டு. 2009-ல் ஆஷ்லி ஹில் குழுவினர் கண்டுபிடித்தது இது. 14-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை நறுக்கித் தரும் நொதிக்கு உரியது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. வளரும் நுரையீரலின் ஏதோ ஒரு செல்லில் மற்றப் பிரதியும் குறிப்பிட்ட ஓரிடத்தில் பழுதானால் கட்டி தொடங்குகிறது. இதே மாற்றம் சிறுநீரகச் சிஸ்ட் கட்டி, இளம் வயதுத் தைராய்டுக் கட்டி, சினைப்பையின் செர்டோலி-லேடிக் கட்டி, கண், மூக்குக் கட்டிகள் சில ஆகியவற்றையும் தரும்.

"குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா" என்று கேட்டபோது இல்லை என்றார்கள். உண்மைதான், தைராய்டு வீக்கத்தை யாரும் புற்றுநோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. தாலிக்கயிற்றை ஒதுக்கியபோது தாயின் கழுத்தில் குறுக்கே மெல்லிய தழும்பு. 19 வயதில் பல முடிச்சுத் தைராய்டை எடுத்திருக்கிறார்கள். மலையில் அயோடின் குறைவு, அதனால் வந்தது என்று அன்று சொல்லி முடித்துவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும்: யாருக்காவது கழுத்தில் ஆபரேஷன்? சிறுநீரகத்தை எடுத்தவர்? சின்ன வயதில் சினைப்பைக் கட்டி? பால்குடி வயதில் மூச்சுத் திணறி இறந்த குழந்தை?

3 மி.லி. ரத்தம் ஈ.டி.டி.ஏ. குழாயில் போனது. ஐந்து வாரத்தில் முடிவு: குழந்தைக்கும் தாய்க்கும் அதே டைசர்-1 மாற்றம், தந்தைக்கு இல்லை. தாயிடம் இதைச் சொல்லும் விதத்துக்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்கத் தகும். "என்னாலதான் வந்துச்சா டாக்டர்" என்று கேட்டார். யாரும் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை, இந்த மாற்றம் உள்ள பலருக்கு எந்தக் கட்டியும் வருவதில்லை, இப்போது தெரிந்ததால் அடுத்த பிள்ளையைக் காக்க முடிகிறது என்று அந்த வரிசையிலேயே சொல்லப்பட்டது. மடியில் 7 மாதப் பெண் குழந்தை இருந்தது.

கீமோ

உடற்பரப்பு: 90-ஐ 11.2-ஆல் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.53 ச.மீ. ஐவாடோ முறை, 21 நாளுக்கு ஒரு சுற்று:

ஐபோஸ்பமைடு ச.மீ.க்கு 3 கிராம், 1, 2-ஆம் நாள்: நாளுக்கு 1.6 கிராம்.
வின்கிரிஸ்டின் ச.மீ.க்கு 1.5 மி.கி.: 0.8 மி.கி.
ஆக்டினோமைசின் ச.மீ.க்கு 1.5 மி.கி., முதல் நாள்: 0.8 மி.கி.
டாக்சோரூபிசின் ச.மீ.க்கு 30 மி.கி., 1, 2-ஆம் நாள்: நாளுக்கு 16 மி.கி.

நான்கு ஐவாடோ, பிறகு டாக்சோரூபிசின் நீக்கிய ஐவா எட்டு. மொத்தம் 36 வாரத் திட்டம். நான்கு சுற்றில் டாக்சோரூபிசின் கூட்டளவு ச.மீ.க்கு 240 மி.கி. ஆகிவிடும்; அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் எக்கோ. இந்த நான்கில் மூன்று மருந்துகள் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரிக்கும். கைநரம்பை நம்பாமல் தொடக்கத்திலேயே போர்ட் (தோலுக்கடியில் வைத்துப் பெருஞ்சிரையோடு இணைக்கும் மருந்தேற்று வாய்) வைக்கப்பட்டது. ஐபோஸ்பமைடோடு நாளுக்கு 1.6 லிட்டர் திரவமும், சிறுநீர்ப்பையைக் காக்க மருந்துக்குச் சம அளவு மெஸ்னாவும். ஒவ்வொரு முறை சிறுநீரிலும் ரத்தம் உண்டா என்று பட்டை போட்டுப் பார்த்தார்கள். வின்கிரிஸ்டினைச் சிறு பையில் கலந்து ஏற்றுவதே நியதி. சிரிஞ்சில் எடுத்து வைத்தால் தவறித் தண்டுவடத்துக்குப் போய் உயிரைப் பறிக்கும். பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகோனசோல், வோரிகோனசோல் ஓடும்போது வின்கிரிஸ்டின் உடலில் தேங்கி, வலிப்பும் குடல் முடக்கமும் வரும். இந்தக் குழந்தைக்கு வாய்ப்புண்ணுக்கு வெளியே எழுதிய இட்ராகோனசோலை மூன்றாம் சுற்றுக்கு முதல் நாள் நர்ஸ்தான் மாத்திரைப் பையில் கண்டு நிறுத்தச் செய்தார்.

ஒன்பதாம் சுற்றுக்குப் பின் ரத்தத்தில் பாஸ்பேட் 2.6-க்கு இறங்கியது. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை. ஐபோஸ்பமைடு சிறுநீரகக் குழல்களைக் கெடுத்ததன் அடையாளம் இது. மூன்று வயதுக்குக் கீழே தொடங்குபவர்களுக்கும் கூட்டளவு கூடியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கவனிக்காமல் விட்டால் கால் வளைந்துவிடும். மீதி மூன்று சுற்றுக்குச் சைக்ளோபாஸ்பமைடு மாற்றி, பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் வாய்வழி தொடங்கப்பட்டன.

மலையும் எல்லையும்

வெள்ளையணு இறங்கிய நாளில் 100.4 டிகிரி தொட்டால் 60 நிமிடத்துக்குள் முதல் ஊசி போக வேண்டும். லயத்திலிருந்து சிகிச்சை மையத்துக்கு அந்த நேரத்தில் வரவே முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் லோயர் கேம்ப் பாதையே மூடிக்கிடக்கும். இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கீமோ முடிந்த 8-ஆம் நாளிலிருந்து 16-ஆம் நாள்வரை குடும்பம் கம்பத்தில் அம்மாச்சி வீட்டில். லயத்தில் இருக்கும் நாட்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கக் கடிதம்: நோயின் பெயர், போர்ட் இருக்குமிடம், செஃபிபைம் கிலோவுக்கு 50 மி.கி., அதாவது 560 மி.கி., முதல் டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியேற்ற வேண்டும், ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக்கூடாது. லேமினேட் செய்து வீட்டுக்கு ஒன்று, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒன்று. ஐந்தாம் சுற்றுக்குப் பின் இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஊசி விழுந்தது.

காப்பீட்டையும் முதல் வாரத்திலேயே தெளிவுபடுத்த வேண்டும். வேலை கேரளத்தில், உறவு தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு எங்கே என்பதுதான் எந்த மாநிலத் திட்டம் பொருந்தும் என்று தீர்மானிக்கும். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு கார்டு தேடி அலைந்து சுற்று தள்ளிப்போவது இந்த எல்லையோரக் குடும்பங்களின் வழக்கமான துயரம்.

அறுவை

நான்கு சுற்று முடிந்தபோது கட்டி 6.4 × 5.1 × 4.6 செ.மீ., சுமார் 79 மி.லி. நியூட்ரோபில் 1,000-க்கு மேல், தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல் ஏறிய பின் 13-ஆம் வாரத்தில் வலது கீழ் மடல் முழுதும் எடுக்கப்பட்டது. பழைய குழாய்ப் பாதையைத் தோல் முதல் பிளூரா (நுரையீரல் உறை) வரை ஒரு துண்டாக வெட்டினார்கள். அந்தப் பாதையின் திசுவில், பிளூராவை ஒட்டி, 3 மி.மீ. அளவில் உயிருள்ள கட்டிச் செல்கள் இருந்தன. வெட்டு ஓரங்கள் சுத்தமாக இருந்ததால் கதிர்வீச்சு தவிர்க்கப்பட்டது. வளரும் விலாவுக்கும், டாக்சோரூபிசின் வாங்கிய இதயத்துக்கும் அது பெரும் சுமை.

சிகிச்சை முடிந்து 14 மாதம். பி.பி.பி. தூரத்தில் பரவினால் அதிகம் போவது மூளைக்கு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ., நோய் கண்டதிலிருந்து மூன்று வருடம்வரை. பாஸ்பேட் இன்னும் வாய்வழி ஓடுகிறது. எடை 14.1 கிலோ.

தங்கை

டைசர்-1 மாற்றம் தங்கைக்கும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் உள்ள குழந்தைக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு சி.டி., இரண்டரை வயதையொட்டி இன்னொன்று, 8 வயதுவரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீரகத்துக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட், 8 வயதில் தைராய்டு ஸ்கேன், பெண் குழந்தை ஆகையால் சினைப்பைக்கும் ஸ்கேன். தாய்க்கும் சினைப்பை ஸ்கேன் உண்டு. குரல் தடிப்பது, மாதவிடாய் தவறுவது என்றால் உடனே வர வேண்டும்.

பால் குடித்துத் தூங்கியதும் துணியில் சுற்றி, மயக்க மருந்து இல்லாமல், குறைந்த கதிர் அளவில் எடுத்த சி.டி.யில் இடது மேல் மடலில் 2.3 செ.மீ. தடுப்புள்ள சிஸ்ட், வலது கீழ் மடலில் 6 மி.மீ. அளவில் இன்னொன்று. பெரியது உடையாமல் முழுசாக எடுக்கப்பட்டது. சுவரின் அடியில் முதிராச் செல்கள் வரிசை கட்டி நின்றன: முதல் வகை. கீமோ கொடுப்பதா என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. ஓரங்கள் சுத்தம், திடப்பகுதி இல்லை என்பதால் கீமோ இல்லாமல் கண்காணிப்பு என்று முடிவானது.

வலது பக்கத்து 6 மி.மீ. சிஸ்ட் அப்படியே விடப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் எடுத்த சி.டி.யிலும் அதே 6 மி.மீ. அடுத்த எக்ஸ்ரே தேதியை அம்மாச்சி புது மஞ்சள் கவரின் மேல் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.